இனமும் திறன் வரம்பும்: ரோல்பிளேயிங் ஆட்டங்களில் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகடையும் தாளும் பென்சிலுமாக ஆடுகிறவர்களும், சொந்தமாக விதி எழுதிப் பார்க்கத் துடிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே இருக்கின்றன. ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் கதைக்குள் ஒரு பாத்திரமாகிறார்கள். அதற்கு ஓர் இனமும் (மனிதன், எல்ஃப் போன்றவை) ஒரு தொழிலும் (போர்வீரன், மந்திரவாதி போன்றவை) உண்டு; அனுபவப் புள்ளி சேரச் சேர அது லெவல் லெவலாக ஏறும். எடுத்துக்காட்டுகளில் பாதிக்கு மேல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலிருந்து வருகின்றன. ஒரே சிக்கலுக்கு ஐம்பது ஆண்டுகளாக ஐந்தாறு விதமான தீர்வுகளை முயன்று, ஒவ்வொரு முறையும் வேறு பக்கமாகச் சறுக்கிய ஆட்டம் அது. மற்றவர் சறுக்கிய இடம் தெரிந்தால் நாம் கொஞ்சம் பார்த்துக் கால் வைக்கலாம்.

எல்ஃபுக்கு இவ்வளவு சலுகை இருக்கும்போது மனிதனை யார் எடுப்பார்கள்?

மூலக் கேள்வியே இதுதான். 1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூலின்படி, கூர்காது கொண்ட மாய இனமான எல்ஃபுக்கு இருட்டில் 60 அடி தூரம் கண் தெரியும். தூங்க வைக்கும் மந்திரமும் வசிய மந்திரமும் நூற்றுக்கு 90 தடவை அதனிடம் பலிக்காது. வில்லிலும் நீள்வாளிலும் ஒரு புள்ளி கூடுதல். மறைகதவின் பக்கமாக நடந்து போனாலே, அது கண்ணில் பட ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. மனிதனுக்கு? பந்தம் ஏந்தும் உரிமை.

இதற்கு ஈடாக ஆட்டத்தை உருவாக்கியவர்கள் மனிதனுக்குக் கையில் எதையும் தரவில்லை, எதிர்காலத்தைத் தந்தார்கள். மனிதன் எத்தனை லெவல் வேண்டுமானாலும் ஏறலாம், மற்றவர்கள் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். மனிதர்கள் நடுவில் நிற்கும் உலகத்தைத்தான் அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் விரும்பினார். அந்த விருப்பத்தை அவர் கதையாகச் சொல்லாமல் அட்டவணையாகப் போட்டார்.

லெவல் வரம்புகள் எவ்வளவு கடுமையாக இருந்தன?

1974இல் வந்த முதல் பதிப்பில் ட்வார்ஃப் எனப்படும் குள்ளர் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம், அதுவும் 6ஆம் லெவல் வரை. ஹாஃப்லிங் எனப்படும் சிற்றுருவினருக்கு 4ஆம் லெவலோடு சரி. எல்ஃப் போர்வீரனாக 4, மந்திரவாதியாக 8 வரை போகலாம். 1978இல் வரம்பு பாத்திரத்தின் பலத்தையும் பார்த்தது: எல்ஃப் போர்வீரனுக்கு வலிமை 18 இருந்தால் 7ஆம் லெவல், 17 என்றால் 6, அதற்கும் கீழே என்றால் 5. 1981இல் வந்த எளிய பதிப்பில் இனமே தொழிலாகிவிட்டது. ட்வார்ஃப் 12இலும் எல்ஃப் 10இலும் ஹாஃப்லிங் 8இலும் நின்றார்கள். 1989இல் இரண்டாம் பதிப்பு கையைத் தளர்த்தி, ட்வார்ஃப் போர்வீரனையும் எல்ஃப் மந்திரவாதியையும் 15 வரை விட்டது. 2000இல் மூன்றாம் பதிப்பு வரம்பையே எடுத்துவிட்டது.

வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு தடவையும் வரம்பு மேலே மேலே போயிருக்கிறது. விலையைக் குறைத்துக்கொண்டே போகும் கடைக்காரருக்குத் தன் சரக்கின் மீது நம்பிக்கை இல்லை என்றுதான் பொருள்.

அந்த வரம்புகள் சமநிலையைத் தந்தனவா?

தரவில்லை என்பது என் முடிவு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எல்ஃப் தன் சலுகையை முதல் நாள் முதல் மணி நேரத்திலிருந்து அனுபவிக்கிறது. அதற்கான விலையை ஏழாம் லெவலில் கொடுக்கிறது. இடையில் ஓராண்டு போயிருக்கலாம், இரண்டாண்டும் போயிருக்கலாம். அதற்குள் ஆட்டம் நின்றுபோகலாம்: ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு வேறு ஊரில் வேலை. அப்படி நின்றால் எல்ஃப் இலவசமாக ஆடிவிட்டுப் போனது. ஆட்டம் நின்றுபோகாமல் தொடர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டாண்டு வளர்த்த பாத்திரம் இனி ஓர் அடி கூட நகராது என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் மனத்திடம் பெரும்பாலான ஆட்ட நடத்துநர்களுக்கு இருப்பதில்லை. சத்தமில்லாமல் விதியைத் தூக்கிவிடுகிறார்கள். ஆக விலை ஒன்று கொடுக்கப்படுவதே இல்லை, அல்லது கொடுக்கும்போது தண்டனையாகிவிடுகிறது.

இதற்கு மேல் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. 1978 விதிகளில் மனிதர் அல்லாதவர்கள் இரண்டு தொழில்களை ஒரே நேரத்தில் செய்யலாம். அனுபவப் புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் அடுத்த லெவலுக்குத் தேவைப்படும் புள்ளிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போகின்றன. பாதிப் புள்ளி என்றால் ஒரு லெவல் பின்தங்கல், அவ்வளவுதான். 40,000 புள்ளி பெற்ற மனிதப் போர்வீரன் 6ஆம் லெவலில் இருப்பான். அதே புள்ளியை 20,000 வீதம் பிரித்துக்கொண்ட எல்ஃப், 5ஆம் லெவல் போர்வீரனாகவும் 4ஆம் லெவல் மந்திரவாதியாகவும் இருக்கும். ஒரு லெவலைக் கொடுத்துவிட்டு நான்கு லெவல் மந்திரத்தை வாங்கிக்கொண்டு போகிறது. இந்த வியாபாரத்தை எவர்தான் மறுப்பார்?

என் அளவுகோல் ஒன்றுதான். சலுகையும் அதற்கான விலையும் ஒரே நாள் மாலையில், ஒரே மேசையில் தெரிய வேண்டும். என்றோ ஒருநாள் வரப்போகும் விலை, விலையே இல்லை.

லெவலைத் தடுக்காமல் ஏற்றத்தை மட்டும் மெதுவாக்கினால்?

கொஞ்சம் பரவாயில்லை. 1981 பதிப்பில் இரண்டாம் லெவலுக்குப் போக எல்ஃபுக்கு 4,000 புள்ளி வேண்டும். போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. எல்ஃப் இரண்டு வேலையும் செய்வதால் இரண்டையும் ஏறக்குறைய கூட்டி வைத்திருக்கிறார்கள். விலை தொடக்கத்திலேயே தெரிகிறது, தோழர்கள் முன்னே போகும்போது எல்ஃபுக்கு உறைக்கிறது. பழைய ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்றாம் பதிப்பு வேறு வழியைப் பிடித்தது. டிரோ எனப்படும் பாதாள எல்ஃபை எடுத்தால் அதன் லெவலோடு இரண்டைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். முதல் லெவல் டிரோ மந்திரவாதி மூன்றாம் லெவல் கூட்டத்தில் போய் நிற்பார். அவர் உடலில் நான்கு முகப் பகடை ஒன்றின் உயிர், கையில் முதல் லெவல் மந்திரங்கள். ஓர் அடி விழுந்தால் கதை முடிந்தது. மந்திரவாதிக்கு லெவல்தான் மூச்சு. அதில் இரண்டைப் பறித்தால் எந்தச் சலுகையும் ஈடாகாது. பழைய எல்ஃப் விலையே கொடுக்கவில்லை, இந்த டிரோவோ சாகும்வரை வட்டி கட்டியது. 2004இல் வந்த துணை விதிநூல் ஒன்று, அனுபவப் புள்ளிகளைக் கொடுத்து இந்தக் கடனைத் தீர்த்துவிட வழி செய்தது. அப்படி ஒரு வழி தேவைப்பட்டதே அந்த ஏற்பாட்டின் குறையைச் சொல்கிறது.

ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைத்தால் சமமாகிவிடாதா?

தாளில் சமமாகிவிடும். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் எல்ஃபுக்குச் சுறுசுறுப்பில் 2 கூடும், உடலுறுதியில் 2 குறையும். ட்வார்ஃபுக்கு உடலுறுதி கூடும், கவர்ச்சி குறையும். ஓர்க் என்ற முரட்டு இனத்தின் கலப்பான பாதி ஓர்க்குக்கு வலிமையில் 2 கூடும், அறிவிலும் கவர்ச்சியிலும் இரண்டிரண்டாகக் குறையும். வலிமை சண்டையில் மிக உதவும் என்பதால் அதற்கு இரட்டை விலை.

ஆனால் கோடரியோடு முன்னால் பாய்வதற்காகவே பாதி ஓர்க்கை எடுத்தவருக்குக் கவர்ச்சி குறைந்தால் என்ன நட்டம்? பயன்படுத்தவே போவதில்லை என்று முடிவு செய்த பொருளை அடகு வைத்துக் கடன் வாங்குவது போன்றது அது. சமநிலை பார்க்கும்போது கூட்டல் கழித்தலைப் பார்க்காதீர்கள். இந்த இனத்தை எந்தத் தொழிலோடு சேர்ப்பார்கள், அந்தத் தொழிலில் இந்தக் குறை வலிக்குமா என்று பாருங்கள். அறிவுக் குறைவு திறன் புள்ளிகளையும் குறைத்ததால் அது உண்மையில் வலித்தது, ஆனால் தப்பான இடத்தில். ஊருக்குள் நடக்கும் காட்சிகளில் அந்த ஆட்டக்காரர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. சண்டையில் வாங்கியதற்குச் சந்தையில் அபராதம் கட்டுவதை நான் சமநிலை என்று சொல்ல மாட்டேன்.

மனிதனுக்கு என்னதான் கொடுப்பது?

தேர்வைக் கொடுங்கள். மூன்றாம் பதிப்பு மனிதனுக்கு ஃபீட் எனப்படும் சிறப்புத் தகுதி ஒன்றைக் கூடுதலாகத் தந்தது. முதல் லெவலில் 4 திறன் புள்ளிகளையும் பிறகு லெவலுக்கு ஒன்றையும் சேர்த்தது. அதன் பிறகுதான் மனிதனைச் சலிப்பில்லாமல் எடுத்தார்கள். 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு ஆறு குணங்களிலும் ஒவ்வொரு புள்ளி கூட்டித் தந்தது. பார்க்கப் பெரிதாக இருந்தாலும் ஆடும்போது தெரியவே தெரியாது. அதே நூலில் விருப்ப விதியாக இருந்த மாற்று மனிதனுக்கு இரண்டு குணங்களில் ஒரு புள்ளி, ஒரு திறன், ஒரு ஃபீட். அதை அனுமதித்த மேசைகளில் மற்ற இனங்கள் கொஞ்சம் வாடித்தான் போயின.

பெண் பாத்திரத்துக்கு வலிமை வரம்பு இருந்தது உண்மையா?

உண்மை. 1978 நூலில் மனித ஆணின் வலிமை 18/00 வரை போகலாம், பெண்ணுக்கு 18/50 தான் (18ஐத் தொட்ட பிறகு நூற்றுக்கு எவ்வளவு என்பது கோட்டுக்குப் பின்னுள்ள எண்; 00 என்றால் நூறு). ஹாஃப்லிங் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14. 1989இல் எடுத்துவிட்டார்கள். டிராகன் பறக்கும் உலகத்தில் இந்த யதார்த்தம் யாருக்குத் தேவைப்பட்டதோ.

இப்போது 'இனம்' என்ற சொல்லையே விட்டுவிட்டார்களாமே?

2020 நவம்பரில் வந்த நூலொன்று, இனத்தோடு வரும் குணப் புள்ளிகளை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. 2024 நூலில் குணப் புள்ளிகள் பாத்திரத்தின் பின்னணிக்கு, அதாவது அவர் எப்படி வளர்ந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதற்குப் போய்விட்டன. ஆங்கிலத்தில் 'ரேஸ்' போய் 'ஸ்பீஷீஸ்' வந்தது. பாத்ஃபைண்டர் ஆட்டம் 2019இலேயே 'ஆன்செஸ்ட்ரி', அதாவது மரபு, என்று மாற்றியிருந்தது. பிறப்பிலேயே ஒரு கூட்டம் அறிவில் மட்டம் என்று எழுதி வைப்பது பலருக்கு உறுத்தியது, எனக்கும் உறுத்தியிருக்கிறது.

தமிழில் எழுதும்போது ஒரு வேடிக்கை. மனித இனம், பறவை இனம், இன்னார் இனம் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல்தான். அவர்கள் செய்த மாற்றத்தைத் தமிழாக்கினால் 'இனம் என்பது இனி இனம் என்று வழங்கப்படும்' என்று வரும். இந்தப் பக்கத்தில் நான் பழைய சொல்லிலேயே நிற்கிறேன்.

சமநிலைக் கண்ணோடு பார்த்தால் 2020 மாற்றத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மலை ட்வார்ஃபுக்கு இரண்டு குணங்களில் இரண்டிரண்டு புள்ளி, கூடவே நடுத்தரக் கவசம் அணியும் பயிற்சி. புள்ளிகள் வலிமையிலும் உடலுறுதியிலும் பூட்டப்பட்டிருந்த வரை மந்திரவாதிக்கு அது பெரிய இழுப்பாக இல்லை. பூட்டைத் திறந்ததும் அறிவுக்கு 2, உடலுறுதிக்கு 2, உடம்பில் கவசம்! ஒன்றோடொன்று கட்டி வைத்த விலைகளில் ஒன்றை மட்டும் அவிழ்த்தால் இப்படித்தான் ஆகும்.

திறன்களுக்கு ஏன் வரம்பு வேண்டும்? ஆடி உழைத்தவர் எல்லாவற்றையும் கற்கட்டுமே?

தனியாக ஆடும் கணினி ஆட்டத்தில் கற்கட்டும். 2011இல் வந்த ஸ்கைரிமில் 18 திறன்கள். எல்லாம் 15இல் தொடங்கும். உங்கள் இனம் ஒரு திறனில் 10ம் ஐந்து திறன்களில் ஐந்தைந்தும் கூட்டித் தரும். எல்லோரும் எல்லாவற்றையும் 100 வரை ஏற்றலாம். அதாவது இனம் முதல் சில மணி நேரத்துக்கு ஒரு தள்ளு கொடுத்துவிட்டுக் கரைந்துபோகிறது. மிஞ்சுவது பிரெட்டன் இனத்தின் 25% மந்திர எதிர்ப்பு, நோர்டு இனத்தின் 50% குளிர் எதிர்ப்பு போன்றவைதான். பக்கத்தில் முகம் வாடி உட்கார யாரும் இல்லாததால் இது குற்றமாகத் தெரிவதில்லை.

கூட்டமாக ஆடும்போது வரம்பு வேறொரு வேலையைச் செய்கிறது. ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட வேண்டும். 1997இல் தொடங்கிய அல்டிமா ஆன்லைனில் தொழில் பிரிவே இல்லை. தொடக்க ஆண்டுகளில் ஒரு திறன் அதிகபட்சம் 100, எல்லாத் திறன்களும் சேர்த்து 700 என்றிருந்தது. ஏழு திறன்களில் உச்சம் தொடலாம், எட்டாவது வேண்டுமென்றால் ஏதோ ஒன்றை மறக்க வேண்டும். கொல்லர், மீனவர், வில்லாளி என்று ஆட்கள் தாமாகவே பிரிந்தார்கள். விலை ஒவ்வொரு நாளும் கண்முன் இருந்தது. இத்தனை ஆண்டில் நான் பார்த்த வரம்புகளில் மிக நேர்மையானது அந்த 700.

ஒவ்வொரு திறனுக்கும் வரம்பா, மொத்தத்துக்கும் வரம்பா?

மொத்த வரம்பு ஒருவர் என்னவாக இருக்கிறார் என்பதைத் தீர்மானிக்கும். தனித்தனி வரம்பு இடைவெளியைக் கட்டுப்படுத்தும். இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாம் பதிப்பு சாட்சி. உங்கள் தொழிலுக்குரிய திறனில் லெவலோடு 3 கூட்டிய அளவுக்குப் போகலாம், மற்றதில் அதில் பாதி. அந்தப் பாதிக்கும் இரட்டைப் புள்ளி செலவு. முதல் லெவலில் 4க்கும் 2க்கும் உள்ள இடைவெளி யாருக்கும் தெரியாது. 15ஆம் லெவலில் ஒருவருக்கு 18, இன்னொருவருக்குச் சுழியம். திருடருக்குச் சவாலாக ஒரு பூட்டை வைத்தால் மற்றவர்கள் அதைத் தொடவே முடியாது.

ஐந்தாம் பதிப்பு இதைச் சுருக்கியது. பயிற்சிக்கான கூடுதல் முதல் லெவலில் 2, இருபதாம் லெவலிலும் 6தான். குணங்களுக்கு உச்சம் 20. இப்போது எதிர்ப்பக்கக் கோளாறு. 16 தேவைப்படும் ஒரு வேலைக்கு 5 கூடுதல் உள்ள நிபுணர் இருபது முகப் பகடை உருட்டினால் 50% வெற்றி. ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு 25%. ஆனால் தெரியாதவர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு முறை உருட்டினால், யாராவது ஒருவர் வெல்லும் வாய்ப்பு 68%! பழங்கல்வெட்டைப் படிக்க ஆண்டுக்கணக்கில் கற்ற மந்திரவாதி தலையைச் சொறிய, மதுக்கடையிலிருந்து எழுந்து வந்த காட்டு வீரன் படித்துவிடுகிறான். முதல் தடவை சிரிப்பு வரும், நான்காம் தடவை மந்திரவாதி ஆடுபவர் கைப்பேசியை எடுத்துவிடுவார். என் மேசையில் இதற்கு ஒரு விதி: அறிவு சார்ந்த சோதனைக்குப் பயிற்சி உள்ளவர் மட்டுமே பகடையைத் தொடலாம்.

எண்ணே இல்லாத வரம்பு உண்டா?

1978இல் வந்த ரூன்குவெஸ்ட் அதற்கு அருகில் போனது. அங்கே தொழிலும் இல்லை, லெவலும் இல்லை, திறன்கள் சதவீதத்தில். ஒரு திறனைப் பயன்படுத்தி வென்றால் குறித்துக்கொள்வீர்கள். பயணம் முடிந்ததும் நூறுக்குப் பகடை உருட்டி, இப்போதைய திறனைவிட அதிகம் விழுந்தால்தான் அது வளரும். 30% திறனுள்ளவர் எளிதாக வளர்வார்; 90% உள்ளவர் பத்தில் ஒரு தடவைதான். தடுப்புச் சுவர் எங்கேயும் இல்லை, மேடு மட்டும் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. கற்ற எவருக்கும் இந்த ஏற்றம் பழக்கமானது என்பதால் யாரும் இதோடு சண்டை போடுவதில்லை.

இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆடும் ஆட்டங்களில்?

அங்கே மேசையின் கருணை கிடையாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க ஆண்டுகளில், பயமுறுத்தும் தாக்குதலைத் தடுக்கும் மந்திரம் ட்வார்ஃப் பூசாரிகளிடம் மட்டுமே இருந்தது. பெரிய டிராகன் சண்டைகளுக்கு அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். மனிதப் பூசாரி ஓரமாக நின்றார். 2007இல் அதை எல்லாப் பூசாரிகளுக்கும் பொதுவாக்கினார்கள். அடுத்த ஆண்டே மனிதர்களுக்கு, பிடியிலிருந்து விடுபடும் திறன் ஒன்றைத் தந்தார்கள். மற்றவர்கள் அதற்காக ஓர் அணிகலனைச் சுமக்க, மனிதர் அந்த இடத்தில் வேறொன்றை மாட்டிக்கொண்டு போரில் இறங்கினார். ஓர் இனத்துக்கு மட்டும் உரிய 'சின்ன' திறனைச் சேர்க்கும் முன், அது வேறு எந்தப் பொருளைத் தேவையற்றதாக்குகிறது என்று பாருங்கள்.

என் சொந்த விதிகளை எப்படிச் சோதிப்பது?

மூன்று காரியம் செய்வேன். முதலில், ஆடப்போகிறவர்களிடம் இனப் பட்டியலைக் கொடுத்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதச் சொல்வேன். ஐவரில் மூவர் ஒரே இனத்தை எழுதினால் அதில் ஏதோ இனிப்புத் தடவியிருக்கிறது. அழகுக்காக எடுத்திருந்தால் பாதகமில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பிறகு ஒரு மாலை ஆட்டத்தில், ஒவ்வோர் இனத்தின் சலுகையும் குறையும் எத்தனை தடவை வாயால் சொல்லப்பட்டன என்று கோடு போட்டு எண்ணுவேன். இருட்டுப் பார்வை எட்டுத் தடவை வந்து, வெயில் தாங்காத குறை ஒரு தடவையும் வராவிட்டால் தவறு இனத்திடம் இல்லை, என்னிடம். எல்லாக் காட்சியையும் குகைக்குள்ளேயே வைத்தவன் நான்தானே. கடலாமை மனிதனைக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்தில் கதை நடத்துபவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவதாக, யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பார்ப்பேன். சேதப் புள்ளிக் கணக்கைவிட இதையே நம்புகிறேன்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றலாமா?

மாற்றலாம். ஒரு சாகசம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மாற்றுங்கள். கூட்டுவதாக இருந்தால் யாரும் முறையிடப்போவதில்லை. பின்தங்கிய இனத்துக்குக் கொடுப்பது, முந்திய இனத்திடமிருந்து பிடுங்குவதைவிட எப்போதும் எளிது. பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பாத்திரத்தை ஆடுபவரிடம் தனியாகப் பேசி, வேறு இனத்துக்கோ வேறு தொழிலுக்கோ மாறிக்கொள்ளும் உரிமையைக் கொடுங்கள். நான் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் எல்ஃபின் மறைகதவு வாய்ப்பைக் குறைத்து அறிவித்தேன். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் புதிதாக ஒரு மனிதப் போர்வீரனோடு வந்து உட்கார்ந்தார். பாத்திரத்தின் பெயர்: முன்னாள் எல்ஃப்.